நேசமணியின் தலையும் உலகத்தார் நகையும்: ஒரு வலைவழி நகைமொழியின் தோற்றமும் பரவலும்

முன்னுரை

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அதனை அடுத்து அழுகையை வைத்தார் தொல்காப்பியர். ஒன்றற்கொன்று மாறான இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது எண்ணத்தக்கது. சொல்லளவில் அழுகையாகவும் கருத்தளவில் நகையாகவும் அமையும் மொழிகள் எல்லாக் காலத்தும் மக்களிடையே வழங்கி வந்துள்ளன. அத்தகைய மொழியொன்று 2019 மே மாத இறுதியில் தமிழரிடையே தோன்றி, இரண்டொரு நாளில் உலகின் பல நாடுகளிலும் பேசப்பட்டது. 'நேசமணிக்காக வேண்டுங்கள்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே அது. அதன் தோற்றத்தையும் பரவலையும் இலக்கிய முறையில் ஆராய்ந்து, அது எவ்வகை நகைக்கு உரியது என்று துணிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகை ஆக்கங்களை இன்று 'மீம்' என்பர். இச்சொல்லைப் படைத்தவர் ரிச்சர்டு டாக்கின்சு என்னும் ஆங்கில உயிரியல் அறிஞர். 1976இல் வெளிவந்த தம் நூலில், ஒருவர் உள்ளத்திலிருந்து மற்றொருவர் உள்ளத்திற்குப் படியெடுக்கப்பட்டுச் செல்லும் பண்பாட்டுக் கூற்றைக் குறிக்க அவர் இதனைப் பயன்படுத்தினார். 'போலச் செய்யப்பட்டது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் குறுக்கம் இது. பின்னாளில் வலையுலகத்தார் படமும் சொல்லும் கலந்த கேலித் துணுக்குகளுக்கு இப்பெயரை வரைந்துகொண்டனர். யாம் ஈண்டு இதனை 'வலைவழி நகைமொழி' என வழங்குவோம்.

இத்தகையதொரு பொருள் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு ஏற்றதோ என ஐயுறுவார் உளர். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டும் நூலும் மட்டுமே கூறி அமைந்தாரல்லர். பிசியும் முதுசொல்லும் அங்கதமும் இலக்கியத்தின் பகுதிகள் என்றார். உரைநடையின் வகை கூறுமிடத்துப் பொய்ம்மொழி ஒன்றும் நகைமொழி ஒன்றும் தனித்தனியே எண்ணினார். மக்கள் வாயில் வழங்கிய எளிய மொழிகளுக்கும் இலக்கணம் கூறிய மரபு நம்முடையது. அம்மரபில் நிற்பார்க்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று.

மூலக்காட்சி

நேசமணி என்பான் மெய்யாக வாழ்ந்த மனிதனல்லன். 2001ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்த 'ஃப்ரண்ட்ஸ்' என்னும் தமிழ்த் திரைப்படத்தில், சுவர்களுக்கு வண்ணம் பூசும் பணியை ஏற்று நடத்தும் ஒப்பந்தக்காரனாக வரும் நகைச்சுவைப் பாத்திரம். அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் வடிவேலு. படத்தின் இயக்குநர் சித்திக். அவரே 1999இல் மலையாளத்தில் இதே பெயரில் எடுத்த படத்தின் தமிழாக்கம் இது. மலையாளத்தில் லாசர் என்னும் பெயருடைய அப்பாத்திரத்தை ஜெகதி ஸ்ரீகுமார் ஏற்றிருந்தார்.

இங்குப் பெயர் மாற்றம் கருதத்தக்கது. லாசர் என்பது கிறித்தவப் பெயர். தமிழாக்கம் செய்தோர் அதனை இந்துப் பெயராக மாற்றாது, தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் கிறித்தவரிடையே வழங்கும் நேசமணி என்னும் பெயரை இட்டனர். கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு இணையப் பாடுபட்ட தலைவர் நேசமணியின் பெயரால் அப்பெயர் தமிழ்நாட்டார் அனைவர்க்கும் தெரிந்ததே. பெயர் மெய்ம்மையின் சாயல் உடையதாக இருந்தமையே பின்னர் இந்நகைமொழிக்கு வலிமை தந்தது. வேடிக்கைக்கென்றே கட்டிய பெயராக இருந்திருப்பின், அயலார் ஒருவரும் அதனை நம்பியிரார்.

காட்சி எளியது. பழைய ஜமீன் அரண்மனை ஒன்றைப் புதுக்கும் பணிக்கு நேசமணி தன் ஆட்களோடு வருகிறான். வேலை தெரியாத ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தவறு செய்கின்றனர். அவருள் ஒருவனது கையிலிருந்து நழுவிய சுத்தியல் நேசமணியின் தலைமீது விழுகிறது. ஏவுவோன் ஏவலரால் அடிபடும் தலைகீழ் நிலையே இக்காட்சியின் நகைக்குக் காரணம். அடிபடுவோன் எளியவனாக இருந்திருப்பின் நகை தோன்றாது; இரக்கமே தோன்றும். அதட்டி வேலை வாங்குவோன் அடிபடுவதால், காண்போர் உள்ளத்தில் இரக்கத்தை முந்திக்கொண்டு நகை எழுகின்றது.

முதற்பரவல்: ஆணி என்னும் சொல்

இப்படம் 2019இல்தான் மக்கள் நினைவுக்கு வந்தது என்று கருதுவது பொருந்தாது. அதற்கு முன்னரே இதே படத்தின் வேறொரு பகுதி வழக்குமொழியாக மாறிவிட்டது. சுவரில் ஆணி பிடுங்கும் வேலையைப் பற்றி நேசமணி சலித்துப் பேசும் பகுதி அது. 2000ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதி தொட்டு, இணையத்தில் தமிழில் எழுதத் தொடங்கிய இளைஞர்கள் தம் அலுவலகப் பணியையே 'ஆணி' எனக் குறிக்கலாயினர். வேலை மிகுதி என்பதற்கு 'ஆணி அதிகம்' என்றனர். பயனற்ற முயற்சியை 'வேண்டாத ஆணி' என்றனர்.

ஒரு காட்சியின் தொடர், காட்சியைப் பாராதவர் வாயிலும் வழங்குமாயின் அது முதுசொல்லாகும் தகுதி பெறத் தொடங்கிவிட்டது எனலாம். 'ஆணி' என்பது அந்நிலையை எய்தியது. ஆகவே 2019இல் சுத்தியல் பேசப்படுமுன்னரே, அப்படம் தமிழ் இளைஞரிடையே பொதுநினைவாக, எடுத்தாளத்தக்க களஞ்சியமாக நின்றது. வடிவேலு 2011ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் சில ஆண்டுகள் திரையில் அரிதாகவே தோன்றினார். ஆயினும் அவர் முகம் கேலிப்படங்களின் வாயிலாக நாள்தோறும் மக்கள்முன் வந்துகொண்டேயிருந்தது. நடிகர் திரையை விட்டு விலகியிருந்தபோதும் பாத்திரங்கள் விலகவில்லை.

வினாவும் விடையும்

2019 மே மாத இறுதியில், முகநூலில் கட்டடப் பொறியியல் பயில்வார்க்கென அமைந்த பக்கமொன்றில் ஒரு சுத்தியலின் படம் வெளியாயிற்று. உங்கள் நாட்டில் இக்கருவிக்கு என்ன பெயர் என்பது உடன் வந்த வினா. அப்பக்கம் பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்டது எனச் செய்தித்தாள்கள் குறித்தன.

வினாவின் இயல்பை முதற்கண் நோக்குவோம். இஃது அகராதி தொகுப்பார் கேட்கும் வினா. ஒரு பொருளுக்கு ஊர்தோறும் தொழில்தோறும் வழங்கும் பெயர்களைத் தொகுத்தல் மொழியாராய்ச்சியின் அடிப்படைப் பணி. சுத்தி என்றும் சுத்தியல் என்றும் கூறுவார் உளர். கொல்லர் உலையில் உள்ளது சம்மட்டி. தச்சர் கையில் உள்ள மரக்கருவி கொட்டாப்புளி. இவ்வாறு விடை கூறியிருந்தால் அது பெயர்ப்பட்டியலாக முடிந்திருக்கும்.

தமிழ்ப் பொறியாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய விடையோ பெயரில் தொடங்கிக் கதையில் முடிந்தது. கருவியின் பெயர் சுத்தியல் என்றார். ஒன்றன்மேல் அடித்தால் 'டங் டங்' என ஒலிக்கும் என்றார். வண்ணப்பூச்சு ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலை, ஜமீன் அரண்மனையில், அவர் உறவினனால் இக்கருவிகொண்டு உடைக்கப்பட்டது என்றார். பாவம் அவர் என இரங்கியும் முடித்தார்.

இவ்விடையின் அமைப்பு தேர்ந்த புனைவாளர்க்கும் எளிதில் கைவராதது. பெயர், ஒலி, தொழில், ஆள், இடம், செய்தவன், விளைவு, இரக்கம் ஆகிய எட்டும் சில வரிகளில் அடங்கின. முதலிரண்டும் வினாவிற்கு நேரிய விடைகள். அவை மெய். மெய்யான இரண்டைக் கூறியபின் வரும் செய்தியைக் கேட்போர் ஐயுறுவதில்லை. இது திரைப்படக் காட்சி என்று காட்டும் குறிப்பு ஒரு சொல்லளவிற்கூட இல்லை. புனைவின் அடையாளம் முற்றிலும் நீக்கப்பட்டமையால், அறியாதார்க்கு அது செய்தியாயிற்று, அறிந்தார்க்கு நகையாயிற்று.

தொல்காப்பியர் கூறும் உரைவகையுள், பொய்ம்மொழியாவது உலகில் நிகழாததனைப் புனைந்து கூறுவது. யானையும் குருவியும் நட்பாடியதாகக் கூறும் கதை போல்வனவற்றை உரையாசிரியர் இதற்குக் காட்டுவர். நகைமொழியோ பொருளோடு தொடர்புடையதாய் நகை பயப்பது. நேசமணிச் செய்தி இவ்விரண்டனுள் எதன்பாற் படும்? அவன் உலகில் இல்லாதவன் ஆதலின் பொய்ம்மொழி என்பார் ஒருசாரார். ஆயின் தமிழர் பல்லாயிரவர் கண்ட காட்சி ஒன்று உளது. அக்காட்சியே இதற்குப் பொருள். அப்பொருளோடு தொடர்ந்து நகை பிறத்தலின் இதனை நகைமொழி எனக் கொள்வதே பொருத்தமுடையது. கேட்போனுக்கு அப்பொருள் தெரியாதபோது மட்டுமே இது பொய்ம்மொழியாக நிற்கும். ஒரே தொடர் கேட்போனை நோக்கி வகை மாறுவது இதன் தனிச்சிறப்பு.

கேட்டவர் யார்?

விடை கூறியவரையே இந்நகைமொழியின் ஆசிரியராகப் பலர் போற்றினர். எம் கருத்து சற்று வேறுபட்டது. அவ்விடையோடு உரையாடல் நின்றிருப்பின், அறிந்த சிலர் சிரித்து மறந்திருப்பர். அவ்விடையைக் கண்ட அயலார், அம்மனிதர் இப்பொழுது நலமாக இருக்கிறாரா என வினவினர். தமிழறிந்தோர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உடல்நிலை தேறி வருகிறது என்றும், மருத்துவர் கண்காணிப்பில் உள்ளார் என்றும், கூட்டு வழிபாடு வேண்டும் என்றும் விடை தொடுத்தனர். நகைமொழி பிறந்த இடம் இதுவே.

ஆகவே இவ்வாக்கத்திற்கு மூவர் வேண்டும். கூறுவோன் ஒருவன், அறிந்து கேட்போன் ஒருவன், அறியாது கேட்போன் ஒருவன். இலக்கணத்தார் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் கூறுவர். ஈண்டு முன்னிலையே இரண்டாகப் பிளவுபடுகிறது. சொற்கள் அறியாதானை நோக்கிச் செல்கின்றன; குறிப்பு அறிந்தானை நோக்கிச் செல்கிறது. தமிழர் இதனை ஆங்கிலத்தில் எழுதியதன் காரணமும் இதனால் விளங்கும். தமிழில் எழுதியிருப்பின் அறியாது கேட்போன் கிட்டான். அவன் இல்லையேல் நகையும் இல்லை.

நகை நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்பது தொல்காப்பியம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவை அவை. நேசமணியின் ஆட்கள் திரையில் செய்த தவறுகளால் எழுந்த நகை பேதைமை பற்றியது. வலையில் எழுந்த நகையோ மடன் பற்றியது. கேட்டதனை அவ்வாறே கொண்டு, கொண்டதனை விடாமை மடன் எனப்படும். அயலார் தாம் படித்த செய்தியை அவ்வாறே கொண்டனர். ஆயின் அவர் கொண்டது எதனால்? முன்பின் அறியாத ஒரு கூலித்தொழில் ஒப்பந்தக்காரனின் தலைக்காயம் கேட்டு வருந்தியதனால். அவர்தம் மடன் அருளின் வழிப்பட்டது.

இவ்விடத்திலேயே இந்நகைமொழியின் மதிப்பீடு தங்கியுள்ளது. ஒருவன் அருளை நகைப்பொருளாக்குவது தகுமோ என்னும் வினா எழுகின்றது. எள்ளலுக்குத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் என இருகூறு காட்டுவர் உரையாசிரியர். அயலார் உண்மை அறிந்தபின் சினவாது தாமும் இணைந்து நகைத்தமைக்குச் சான்றாகும் பதிவுகள் பல. அவ்வாறு நகைத்தபோது எள்ளலின் முதற்கூறு இரண்டாம் கூறாக மாறியது. எள்ளப்பட்டோரும் நகைப்போர் கூட்டத்திற் சேர்ந்தனர். ஒருவரையும் புறத்தே நிறுத்தாது முடிந்தமையால் இது பழி நீங்கிய நகையாகும். அண்டை நாட்டார் இருவர் பகையின்றிச் சேர்ந்து சிரிக்க இடந்தந்தது என்பதும் இதன் நற்பயன்களுள் ஒன்று. அவ்வாண்டு பிப்ரவரியில் இரு நாடுகளும் போரின் விளிம்பு வரை சென்றிருந்தன என்பதை நினைப்பார்க்கு இதன் அருமை விளங்கும்.

வேண்டுதல் தொடரின் வரலாறு

முகநூலில் தோன்றிய உரையாடல், ட்விட்டர் என அன்று வழங்கிய தளத்திற்கு மாறியபோது, 'பிரே ஃபார் நேசமணி' என்னும் குறிச்சொல்லாகச் சுருங்கியது. மே 29, 30 ஆகிய நாள்களில் அது இந்திய அளவில் முதலிடத்தையும் உலக வரிசையில் உயரிய இடத்தையும் பெற்றது. பிபிசி முதலிய செய்தி நிறுவனங்கள், யார் இந்த நேசமணி எனத் தம் வாசகர்க்கு விளக்கம் எழுதின. வடிவேலுவும் செவ்விகளில் தம் வியப்பைத் தெரிவித்தார்.

'இன்ன ஊருக்காக வேண்டுங்கள்' என்னும் வாய்பாடு நேசமணிக்கென ஆக்கப்பட்டதன்று. 2011 மார்ச்சு 11இல் சப்பானை ஆழிப்பேரலை தாக்கியபோதும், 2015 நவம்பர் 13இல் பாரிசு நகரில் கொடுந்தாக்குதல் நிகழ்ந்தபோதும் உலகத்தார் இவ்வாய்பாட்டில் தம் துயரைத் தெரிவித்தனர். காரைக்கால் வட்டாரத்தார்க்கு இவ்விரண்டும் தொலைவான செய்திகளல்ல. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1962 ஆகத்து 16இல் சட்டப்படி இணைப்பு நிறைவெய்தியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இங்குள்ளார்க்குத் தரப்பட்டது. அதனால் பாரிசில் உறவினர் உடைய குடும்பங்கள் இங்குப் பல. 2004 திசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையோ இக்கடற்கரையையே நேரில் தாக்கியது. மெய்யான இழவை அறிந்த மண்ணில் வாழ்வோர், இழவுரை நகையாக மாறுவதை எளிதாகக் கடந்துசெல்ல இயலாது.

கையறுநிலைப் பாடலைக் கேலியாக நிகழ்த்துவது கையறுநிலையை இகழ்வதாகுமா? யாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு வாய்பாடு அளவிறந்து வழங்கும்போது அதன் உணர்ச்சி தேய்கின்றது. உள்ளம் உருகாமலே விரல் நுனியால் இரங்கல் தெரிவிக்கும் வழக்கம் பெருகிய காலத்திற்றான் நேசமணிக்கு வேண்டுதல் எழுந்தது. அது துயரைக் கேலி செய்யவில்லை. உள்ளீடற்றுப்போன துயர்மொழியைக் கேலி செய்தது. பேய்கள் கூழடும் பகுதியைப் பரணி பாடிய புலவர் நகைபடப் பாடினார்; அதனால் போர்க்களத்தின் அவலம் குறைந்துவிடவில்லை. எனினும் எல்லை ஒன்று உண்டு. மெய்ச்செய்தியின் வடிவத்தை நகைமொழி தொடர்ந்து மேற்கொள்ளுமாயின், மெய்யான துயர்ச்செய்தி வருநாளில் அதனையும் நகையென மக்கள் தள்ளிவிடக்கூடும். நேசமணிச் செய்தி இரண்டு நாளில் தன்னை வெளிப்படுத்திக்கொண்டமையால் இத்தீங்கு செய்யாது தப்பியது.

பாடவேறுபாடு

குறிச்சொல்லின் எழுத்துவடிவம் பதிப்பாசிரியர்க்குச் சுவை பயப்பது. நேசமணி என்னும் பெயரை ஆங்கில எழுத்தால் எழுதுங்கால், முதலசையில் வேண்டாத 'ஏ' என்னும் எழுத்தொன்று கூடுதலாகப் புகுந்த வடிவமே பெருவழக்காயிற்று. பிழையற்ற வடிவமும் உடன் வழங்கியது, ஆயின் பின்தங்கியது.

ஏடெழுதுவோர் பிழையை நாம் நன்கறிவோம். ஓர் ஏட்டில் நேர்ந்த பிழை அதன் வழிவந்த ஏடுகளிலெல்லாம் தொடரும். ஆயினும் கற்ற ஏடெழுதுவோன் ஒருவன் இடையே திருத்துவதும் உண்டு. வலையில் திருத்தம் செய்வோன் தோற்பான். பிழையுள்ள வடிவத்தை எழுதியவர் கூட்டத்திற் சேர்வர். திருத்தி எழுதியவர் தனித்து நிற்பர். அவர் பதிவு எண்ணிக்கையில் சேராது. பலர் கொண்ட பாடமே மூலபாடமாகும் இந்நிலை, பாடவேறுபாட்டு ஆராய்ச்சிக்குப் புதியதொரு விதியைத் தருகின்றது. பழைய ஏடுகளிலும் எளிய பாடம் அரிய பாடத்தை வென்ற இடங்களுக்கு இதுபோன்ற கூட்டுக் காரணம் இருந்திருக்குமோ என ஆராய்வது நன்று.

அங்கதமா?

2019 மே 23இல் மக்களவைத் தேர்தலின் முடிவு வெளிவந்தது. மே 30 மாலை நரேந்திர மோதி இரண்டாம் முறையாகத் தலைமையமைச்சராகப் பொறுப்பேற்றார். அதே நாளில் நேசமணியின் பெயர் முன்னின்றமையால், இது தமிழர் தம் மாறுபாட்டைக் காட்டிய அரசியல் அங்கதம் என்று சிலர் கூறினர். நாட்டின் பெருநிகழ்ச்சி நடக்குங்கால் வேடிக்கையில் மூழ்கிய பொறுப்பின்மை என்று வேறு சிலர் பழித்தனர். ஒன்றற்கொன்று எதிரான இவ்விரு கூற்றும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டும் நாளை நோக்கினவேயன்றி நூலை நோக்கவில்லை.

அங்கதம் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படும். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. மறைத்துப் பழிப்பது பின்னது. மறைத்த பழியை மொழியினுள்ளிருந்தே வெளிக்கொணர இயலவேண்டும். முதல் விடையில் அரசியற்பொருள் வெளிப்படையாகவும் இல்லை, மறைவாகவும் இல்லை. சுத்தியல் என்ன என்ற வினாவிற்கு எழுந்த விடை அது. ஆகவே தோற்றத்தில் அது அங்கதமன்று.

பரவலின் பிற்பகுதி வேறு. குறிச்சொல் பெருகியபோது, அதே நாளின் நிகழ்ச்சியோடு அதனை இணைத்துச் சிலர் கேலி புனைந்தனர். அவை அங்கதமே. 2018 ஏப்ரலில் காவிரிச் சிக்கல் கொதித்திருந்தபோது தலைமையமைச்சரின் சென்னை வருகையை எதிர்த்து எழுந்த குறிச்சொல்லும் உலக வரிசையில் நின்றதை ஈண்டு ஒப்பிடலாம். காவிரியின் கடைமடையில் உள்ள காரைக்கால் உழவர்க்கு அச்சொல்லின் பொருள் வெளிப்படை. அதற்கு நோக்கம் முன்னர், சொல் பின்னர். நேசமணிக்குச் சொல் முன்னர். நோக்கம் கற்பித்தார்க்கு ஏற்பப் பின்னர். ஒரு நகைமொழியின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் பிரித்தறியாது ஒருசேர மதிப்பிடுவது ஆராய்ச்சிமுறை ஆகாது.

தனிப்பாடலும் மாங்கனியும்

ஆசிரியர் பெயர் அறியாது பரவும் நகைமொழி தமிழுக்குப் புதியதன்று. காரைக்காலுக்குத் தெற்கே அணித்தாக உள்ள நாகப்பட்டினத்தில், காத்தான் சத்திரத்தில் உணவு காலந்தாழ்ந்து வந்ததனைக் கேலி செய்து காளமேகப் புலவர் பாடியதாகச் செய்யுளொன்று வழங்குகிறது. சத்திரத்தான் அஞ்சி வேண்ட, அதே செய்யுளுக்குப் புகழ்ச்சிப் பொருளும் கூறிப் புலவர் அமைதி செய்தார் என்பது உடன் வழங்கும் கதை. இத்தகைய தனிப்பாடல்கள் வாய்வழியே பரவி, 19ஆம் நூற்றாண்டில் திரட்டுகளாக அச்சேறின. சிலேடையும் வசையும் கண்டவிடத்தெல்லாம் காளமேகம் பெயரே சார்த்தப்பட்டது. இன்று கேலி எதுவாயினும் வடிவேலு முகத்தில் பொருத்தப்படுவது போன்றதே அது. புகழ்பெற்ற பெயர் சிதறிய நகைகளைத் தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது.

மற்றொரு ஒப்புமை காரைக்காலிலேயே உளது. ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் மாங்கனிகளை இறைப்பர்; அவற்றைப் பற்றப் பெருங்கூட்டம் கூடும். புனிதவதியாரின் வரலாற்றை அவர்கள் கேட்டு அமைவதில்லை. தாமும் அதனுள் ஒரு பங்கு ஏற்கின்றனர். பழங்கதை அன்று நிகழ்காலமாகிறது. நேசமணிக்காக வேண்டியவரும் பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய காட்சியை நிகழ்காலமாக்கித் தாமே மருத்துவராகவும் செய்தியாளராகவும் உறவினராகவும் பங்கேற்றனர். ஒன்று பக்தி, மற்றொன்று விளையாட்டு. இரண்டின் தகுதியும் ஒன்றெனக் கூறுவார் இலர். கதையினுள் புகுந்து நடிக்கும் மக்கள் இயல்பு மட்டுமே இரண்டிற்கும் பொது.

வேற்றுமை நிலைபேற்றில் உள்ளது. மாங்கனி விழாவிற்கு ஊர் உண்டு, திங்கள் உண்டு, கோயில் உண்டு, ஆண்டுதோறும் அதனை நடத்தும் கடமையுடையார் உளர். நேசமணிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அன்றியும் அதன் உயிர் அறியாது கேட்போனிடம் இருந்தது. உலகச் செய்தித்தாள்கள் அனைத்தும் விளக்கம் எழுதியபின் அறியாதார் குறைந்தனர். வினவ ஆளில்லாதபோது விடைக்கு இடமில்லை. ஆகவே அதன் வெற்றியே அதன் முடிவாயிற்று.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படும். இந்நகைமொழி 1999, 2001 ஆகிய ஆண்டுகளின் திரைப்படங்களில் வேர்கொண்டு, 'ஆணி' வழக்கால் பொதுநினைவாகி, 2019இல் ஓர் அகராதி வினாவால் முளைத்தது. அறிந்தார்க்கு நகைமொழியாகவும் அறியாதார்க்குப் பொய்ம்மொழியாகவும் ஒருங்கே நின்றது. தோற்றத்தில் அங்கதம் ஆகாது, பயன்பாட்டில் சிலவிடத்து அங்கதமாயிற்று. அதன் நகை மடன் பற்றியது. அம்மடனோ அருள் பற்றியது.

முதுகலை மாணவர்க்கு ஈண்டு ஒரு பணி காத்திருக்கின்றது. தனிப்பாடல்களைத் திரட்டியோர் அவை தோன்றிய சூழலைக் கதையாகவேனும் உடன் பதிந்தனர். வலைவழி நகைமொழிகளோ பக்கங்கள் நீக்கப்படும்போது சூழலும் சேர்ந்து அழிவன. முதல் வினா, முதல் விடை, அதன்பின் எழுந்த ஐயங்கள், திரிந்த பாடங்கள் ஆகியவற்றை நாளிட்டுத் தொகுத்தல் வேண்டும். தொகுப்போர் விடைகூறியவரின் திறனை மட்டும் குறித்து நின்றுவிடலாகாது. அவர் நலமா என்று கேட்ட பெயரறியா மனிதரின் வினாவையும் உடன் குறித்தல் வேண்டும். அவ்வினா எழாதிருப்பின் உலகம் நகைத்திராது.